வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு வானப்பிரஸ்தம்

ஐப்பசி கார்த்திகை மாதங்களில் ஐக்கிய அமெரிக்காவின் வடக்கு ராஜ்யங்களிலிருந்து தெற்கு நோக்கி இரண்டு வகைப் பட்சிகள் புறப்படுகின்றன. ஒரு வகைக்கு இறக்கை உண்டு. அவை ஆகாய மார்க்கமாகப் போகின்றன. இன்னொரு வகைக்குத் தலை நரைத்திருக்கும்; மூக்கின்மேல் கண்ணாடி இருக்கும்; சட்டைப் பையில் மாத்திரை டப்பி இருக்கும். இவை தார் ரோட்டில் போகின்றன. முன்னால் ஒரு மோட்டார் வண்டி. பின்னால் அதனோடு கொக்கி போட்டு மாட்டிய ஒரு சின்ன வீடு. அந்த வீட்டுக்குள் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளிக்கும் அறை எல்லாம் அடக்கம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற இந்த டிரெய்லர்வாசிகளுக்குப் 'பனிப் பறவைகள்' என்று அந்நாட்டார் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பனி விழப் போகிறது என்று தெரிந்தவுடன் ஓட்டம் பிடிப்பதால் வந்த பெயர் இது.

வயதான காலத்தில் பிள்ளையிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு, மனைவியுடன் வனத்துக்குப் போவதை வானப்பிரஸ்தம் என்று நம் பெரியவர்கள் வகுத்து வைத்தார்கள். அமெரிக்கத் தாத்தாவும் பாட்டியும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் வீட்டைப் பிள்ளையிடம் விட்டு வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்!

இது நேற்று முளைத்த பழக்கம் அல்ல. 1919-லேயே பிளாரிடா ராஜ்யத்தின் டாம்பா நகரத்துப் பூங்கா ஒன்றில் கூடாரமடித்த மோட்டார் பிரயாணிகள் 'தகர டப்பா யாத்ரிகர்கள்' என்று ஒரு சங்கம் கண்டார்கள். டப்பாவில் அடைத்த உணவைச் சாப்பிட்டுக்கொண்டு ஊர் சுற்றியதால் அந்தப் பெயர். தங்கள் வண்டியின் மூக்கில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அங்கத்தினர்களுக்கு அடையாளம். 1931-ல் வாலி பயாம் என்பவர் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியை ஆரம்பித்தார். அலுமினியத் தகட்டால் போர்த்து, வெள்ளி முட்டைபோல் பளபளக்கும் அந்த டிரெய்லர்கள் இன்றும் ஒஹையோ ராஜ்யத்தில் தயாராகின்றன. அந்த முப்பதுகளில் டிரெய்லர் மோகம் தலைக்கேறியிருந்தது. இன்னும் இருபது வருஷத்தில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில்தான் குடியிருப்பார்கள் என்று ரோஜர் பாப்ஸன் என்ற பொருளாதார நிபுணர் ஜோசியம் சொன்னார். ஜோசியம் பலிக்கவில்லை. பொருளாதார நிபுணர்களின் ஜோசியம் பலிக்காததில் அதிசயம் என்ன இருக்கிறது?

ஆனால் வயதானவர்களை ரோட்டுக்கு அழைத்து வந்தது டிரெய்லர் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. 1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம்தான் அதற்கு அஸ்திவாரம். 1940 ஜனவரியில் முதல் மாதாந்தரச் செக்கைப் பெற்றவர் வெர்மாண்ட் ராஜ்யத்து ஐடா மே புல்லர் என்ற மாது. தொகை 22 டாலர் 54 செண்ட். அந்த அம்மாள் அந்த நிதிக்கு மொத்தமாகக் கட்டியிருந்தது 24 டாலர் 75 செண்ட்டுதான். நூறு வயது வரை திடகாத்திரமாக வாழ்ந்து, 22,800 டாலருக்கு மேல் வாங்கிவிட்டுத்தான் கண்ணை மூடினார்! மாதம் தவறாமல் ஒரு தொகை வரும் என்ற தைரியம் இருந்தால்தான், ஒரே ஊரில் கட்டுண்டு கிடக்க வேண்டாம் என்ற எண்ணம் மனிதனுக்கு வருகிறது.

இவர்கள் பிரயாணத்துக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். வெப்பமானி எப்போதும் 70 டிகிரி பாரன்ஹீட்டைச் சுற்றியே இருக்க வேண்டும். குளிர்காலத்தில் தெற்கே இறங்கு. கோடையில் மலையில் ஏறு. ஆயிரம் அடி ஏறினால் சுமார் மூன்றரை டிகிரி குறையும் என்பது கணக்கு. இந்தக் கணக்குப்படி பிளாரிடா, டெக்ஸாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு, அரிஸோனாப் பாலைவனம் ஆகிய இடங்களில் குளிர்காலம் பிறந்ததும் டிரெய்லர்க் கூட்டம் நிரம்பி வழிகிறது. அரிஸோனாவில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதை ஒட்டிய சர்க்கார் தரிசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கிக்கொள்ள அனுமதிச் சீட்டு தருகிறார்கள். தண்ணீர்க் குழாயோ மின்சாரமோ டிரெய்லரின் வாசலுக்கு வராது. இருந்தாலும் ஜனவரியில் அந்தப் பொட்டல் காடு ஒரு பட்டணமாக மாறிவிடுகிறது. கோடையில் அங்கே 110 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அப்போது ஒரு தலையைக்கூட அந்த வெளியில் காண்பது அரிது. (அந்த ஊரின் மயானத்தில் கூர்ங்கோபுர வடிவில் ஒரு சமாதி இருக்கிறது, உச்சியில் ஓர் ஒட்டகப் பொம்மை. 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் ஒட்டகங்களைப் பழக்கிப் பார்த்தபோது, அவற்றை ஓட்டுவதற்குக் கடல் கடந்து வந்த ஹாஜி அலி என்பவருடைய சமாதி அது. வெயிலுக்கு அஞ்சாமல் அந்த வழி போன பெரியவர்!)

பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ஆஸ்திரேலியாவிலும் இதே கூட்டம் உண்டு. அங்கே 'நரைத்த நாடோடிகள்' என்று பெயர். திசை மட்டும் தலைகீழ்: குளிர்காலத்தில் அவர்கள் வடக்கே போகிறார்கள். நவம்பரில் அங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டால் கிம்பர்லிப் பிரதேசத்தின் ஜிப் ரிவர் மண்சாலை மூடப்பட்டுவிடும். அதற்குள் திரும்பாதவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

சூத்திரம் கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் சூத்திரத்தைச் சீதோஷ்ணம் படித்திருக்க வேண்டுமே! தெற்கே போகிற வழியில்தான் காற்று அடிக்கிறது. மலையேறுகிற வழியில்தான் ஆலங்கட்டி விழுகிறது. கல்லால் கட்டிய வீட்டில் இருப்பவருக்கு மழை என்பது ஜன்னலுக்கு வெளியே நடக்கிற விஷயம். அலுமினியத் தகட்டுக்கும் ஒட்டுப் பலகைக்கும் நடுவே படுத்திருப்பவருக்கு அது தலையணைக்கு மேலே நடக்கிறது.

முதலில் காற்றை எடுத்துக்கொள்ளலாம். டிரெய்லர் உயரமானது, பக்கவாட்டில் அகலமானது, உருவத்துக்குத் தகுந்த கனம் இல்லாதது. கப்பல் பாய்க்கு வேண்டிய லட்சணங்கள் எல்லாம் அதற்கு இருக்கின்றன. வையோமிங் ராஜ்யத்தில் 80-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் குளிர்காலத்தில் காற்று பலமாக வீசும்போது, உயரமான லேசான வண்டிகள் மட்டும் போகக் கூடாது என்று ரோட்டை மூடிவிடுகிறார்கள். டிரெய்லரின் மொத்தக் கனத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு முன்கொக்கியின்மேல் அழுந்த வேண்டும் என்பது விதி. பாட்டி ஆசையாகச் சேர்த்த சாமான்களையெல்லாம் பின்பக்கத்து அலமாரியில் திணித்தால் கொக்கி லேசாகிவிடும். பக்கக் காற்று ஒன்று தட்டியதும் டிரெய்லர் நாய் வாலைப்போல் ஆடத் தொடங்கும். அப்போது முன்வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது மனித சுபாவம். அதுதான் ஆபத்து! வேகத்தை ஏற்றும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் மெள்ள அழுத்த வேண்டும். இதை அறுபத்தைந்து வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுவரை அவர் இழுத்ததெல்லாம் ஆபீஸ் பைல்கள்தானே?

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது களத்துமேட்டுக்குப் பொருத்தமான புத்திமதி. டிரெய்லர்காரருக்குப் பழமொழியைத் திருப்பிப் போட வேண்டும். காற்றுள்ளபோது நிறுத்திக்கொள்! நிறுத்தினால் போதுமா என்றால், பெரும்பாலும் போதும். அந்தக் காற்று நாளைக் காலையில் ஓய்ந்துவிடும். இல்லாவிட்டால் மறுநாள் ஓயும். சும்மா இருக்க வேண்டியதுதான்.

சும்மா இருப்பதுதான் எத்தனை கஷ்டம்! நாற்பது வருஷம் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணிப் பிரகாரம் வேலை செய்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகும் அந்த மணியைக் கழற்றி வைப்பதில்லை. டிரெய்லரின் சுவரில் காலண்டரை மாட்டிவிடுகிறார். செவ்வாய்க்கிழமை இந்த ஊர், வியாழக்கிழமை அந்த ஊர், சனிக்கிழமை பேத்தியின் பிறந்த நாள் என்று குறித்துக்கொள்கிறார். வியாழக்கிழமைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அன்று போய்ச் சேராவிட்டால் பணம் போய்விடும். ஆகவே புதன்கிழமை காற்றில் புறப்படுகிறார். இழுக்கிற வண்டியிலும் பழுதில்லை, இழுபடுகிற வீட்டிலும் பழுதில்லை. காலண்டர்தான் அவரைக் கவிழ்க்கிறது. உலகத்தில் எத்தனையோ பேருக்குக் கிடைக்காத ஒரு பொருள் பென்ஷன்தாரரிடம் இருக்கிறது: நாளைக்கு எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை என்ற சலுகை. அதை நாற்பது டாலர் முன்பணத்துக்காக விட்டுக்கொடுப்பதைப் போன்ற மோசமான வியாபாரம் வேறு இல்லை.

ஜான் ஸ்டைன்பெக் என்ற பிரபல நாவலாசிரியர் 1960-ல், தமது 58-வது வயதில், அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். அவர் வாகனம் டிரெய்லர் அல்ல. முதுகில் சிறு வீட்டைச் சுமந்த லாரி. டான் குவிக்ஸோட்டின் குதிரைப் பெயரை அதற்கு வைத்திருந்தார். புறப்படுகிற சமயம் பார்த்து டோனா என்ற பெரும் புயல் வந்தது. புயல் கடந்துபோன பிறகுதான் வண்டியைக் கிளப்பினார். அந்தப் பிரயாணத்தைப் பற்றிய புத்தகம் 1962-ல் வெளிவந்தது. அதே வருஷம் நோபல் பரிசும் கிடைத்தது. சில நாள் தாமதத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

குளிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அதற்கென்று கைமருந்துகள் இருக்கின்றன. தண்ணீர் வரும் ரப்பர்க் குழாய் உறைந்து விறைத்துவிடும். மின்சாரத்தால் சூடேற்றும் குழாய் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பேர் ராத்திரி முழுவதும் மூச்சு விட்டால் அந்த ஈரமே சுவரில் வழியும். கூரை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைக்கிறார்கள். 'வெளியே பனி, உள்ளே ஜன்னலைத் திறப்பதா?' என்று கணவர் ஆட்சேபிக்க, போர்வை நனைந்ததும் மனைவியின் கட்சி ஜெயிக்கும். ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. அறையைச் சூடாக்குவதற்காகச் சமையல் காஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது யமனுக்குத் தந்தி அடிப்பதாகும். கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

டொர்னாடோ என்ற சுழற்காற்றுக்குக் கைமருந்து கிடையாது. 1998 பிப்ரவரி 22-ந் தேதி இரவும் மறுநாள் விடியற்காலையும் மத்திய பிளாரிடாவில் சுழற்காற்றுகள் வரிசையாக வீசி 42 பேரைக் கொன்றன. மாண்டவர்களில் பெரும்பாலோர் டிரெய்லர்களிலும் நகரும் வீடுகளிலும் படுத்திருந்தவர்கள். சமாசாரம் தெரியாமல் போனதென்று சொல்ல முடியாது. வானிலை நிலையம் எச்சரிக்கை விடுத்திருந்தது. நடு ராத்திரியில் தூங்குகிறவர்களை யார் எழுப்புவது? அதுதான் நடக்கவில்லை.

எழுப்புவதற்கு ஒரு சாதனம் இருக்கத்தான் இருக்கிறது. அமெரிக்க சர்க்கார் இரவும் பகலும் வானிலை மட்டுமே சொல்லும் ரேடியோ நிலையங்களை நடத்துகிறது. அதற்கென்று விற்கிற சிறு ரேடியோப் பெட்டி சாதாரணமாக மௌனமாயிருந்து, அபாய அறிவிப்பு வந்தால் அலறி எழுப்பும். ஆனால் ஒரு சங்கடம்: பெட்டிக்குத் தன் கவுண்டியின் எண்ணைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கவுண்டி என்பது நம் ஜில்லா மாதிரி. ஊரோடு இருப்பவர் ஒரு தடவை எண்ணைப் பதித்துவிட்டு மறந்துவிடலாம். இன்று இங்கே நாளை அங்கே என்று திரிகிற டிரெய்லர்காரருக்குத் தாம் எந்த ராஜ்யத்தில் இருக்கிறோம் என்பதே சில நாள் காலையில் சந்தேகம். கவுண்டியின் பெயருக்கு எங்கே போவார்? 'இந்தக் கவுண்டிக்கு ஆபத்து' என்று ரேடியோ கூவும்போது, அது தம்மைத்தான் கூப்பிடுகிறது என்று தெரியாமலே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். கையிலுள்ள டெலிபோனுக்கும் இப்போது எச்சரிக்கை வருகிறது, வாஸ்தவம். மலை இடுக்குகளில் அந்த டெலிபோனுக்கு மூச்சு வருவதில்லையே! ஆகவே வண்டியை நிறுத்தியதும் செய்ய வேண்டிய முதல் காரியம், துணிப் பந்தலை விரித்து நாற்காலி போடுவதல்ல. 'இது எந்தக் கவுண்டி? காற்று வந்தால் ஓடி நுழையக் கெட்டியான கட்டடம் எது?' என்று பக்கத்து டிரெய்லர்காரரைக் கேட்பதுதான். அவரோடு சிநேகம் பண்ணிக்கொள்வதற்கும் அது நல்ல சாக்கு.

ஆற்றங்கரையில் இடம் பிடிக்கிற ஆசையும் அப்படித்தான். 1976 ஜூலை 31-ந் தேதி மாலை, கொலராடோ ராஜ்யத்தில் பிக் தாம்ஸன் மலை இடுக்கின் மேற்பகுதியில் சில மணி நேரத்தில் சுமார் 12 அங்குல மழை கொட்டியது. விடுமுறைக்கு வந்தவர்கள் உட்பட 140 பேருக்கு மேல் மாண்டார்கள். வெள்ளத்துக்கு முன்னால் வண்டியை ஓட்டித் தப்பிவிடலாம் என்று ஆற்றோடு ஒட்டிய ரோட்டில் கீழே விரைந்தவர்களை வெள்ளம் பிடித்தது. வண்டியைப் போட்டுவிட்டுக் கால்நடையாகப் பாறையில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள் என்று அந்தப் பக்கத்து மலைச் சாலைகளில் இன்று பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். சொல்வது சுலபம். அந்த வண்டிதான் வீடு. அதற்குள்தான் கல்யாணப் போட்டோவும் மருந்துகளும் சேமிப்பும் இருக்கின்றன. அதை அப்படியே போட்டுவிட்டு இருட்டில் பாறை ஏற எழுபது வயதுக்காரருக்குக் கால் எழும்ப வேண்டும். அதைவிட முக்கியமாக மனம் எழும்ப வேண்டும். 2010 ஜூனில் ஆர்க்கன்ஸா ராஜ்யத்தில் ஆற்றோரக் கூடாரத் திடல் ஒன்றில் விடியற்காலை வெள்ளம் புகுந்து 20 பேரைக் கொண்டுபோயிற்று.

இத்தனையும் படித்த பிறகு, 'கிழவர்களுக்கு ஏன் இந்த வம்பு? பேசாமல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கக் கூடாதா?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அப்படிக் கேட்பது நியாயமல்ல. காலையில் எழுந்ததும் மேகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. காற்றின் திசையை அறிய வேண்டியிருக்கிறது. டயரைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாய்வு நாற்காலியில் மூட்டுவலியைத் தவிர வேறொன்றையும் கவனிக்க வேண்டியதில்லை. எது உடம்புக்கு நல்லது என்று டாக்டரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கவலைப்பட வேண்டியது இன்னொரு கூட்டத்தைப் பற்றி. டிரெய்லரில் திரிகிற முதியவர்கள் எல்லாரும் உல்லாச யாத்ரிகர்கள் அல்ல. 2008-ல் ஏற்பட்ட பண நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, பென்ஷன் தொகை வாடகைக்குப் போதாமல், சக்கரத்தின்மேல் குடியேறியவர்கள் அநேகர். ஜெஸ்ஸிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களுடன் திரிந்து 2017-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதைத் தழுவி குளோயி ஜாவ் எடுத்த 'நோமாட்லாண்ட்' படத்துக்கு 2021-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. வடக்கு டகோடா, மின்னஸோட்டாப் பக்கத்தில் அக்டோபர் முதல் வாரத்தில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை ஆரம்பமாகும். டிரெய்லரில் வந்து இறங்குகிற முதியவர்களும் அந்தக் குளிரில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டில் வேலை செய்கிறார்கள். வெயில் ஏறினாலும், கிழங்கு உறைந்தாலும் வேலையை நிறுத்திவிடுவார்கள். கிழங்கு கெட்டுப் போகுமே! கிழங்குக்குக் காட்டுகிற இந்தத் தாட்சண்யம் கிழவருக்கு எங்கே கிடைக்கிறது? அக்டோபர் முதல் தேதி வேலைக்கு வந்து நிற்க வேண்டுமானால், செப்டம்பர் 30-ந் தேதி காற்றடித்தாலும் அவர் வண்டியை ஓட்டித்தான் ஆக வேண்டும். ஒரே ரோட்டில், ஒரே மாதிரி டிரெய்லரில் இரண்டு பேர் போகிறார்கள். ஒருவரால் புயலுக்காக இரண்டு நாள் காத்திருக்க முடியும், இன்னொருவரால் முடியாது. பென்ஷன் தொகையை நிர்ணயிக்கிறவர்கள் ரொட்டி விலையையும் மருந்து விலையையும் கணக்குப் பார்த்தால் போதாது. இந்த இரண்டு நாளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டிரெய்லர்த் திடல் நடத்துகிறவர்களுக்கும் கடமை உண்டு. புயல் எச்சரிக்கை உள்ள நாளில் வராதவரின் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வது, புயலுக்குள் வண்டி ஓட்டச் சொல்வதற்குச் சமம். லைசென்ஸ் கொடுக்கும்போதே, கெட்டியான சுவர் உள்ள ஒரு கட்டடமும், ராத்திரியில் ஊதுகிற ஒரு சங்கும் இருக்கின்றனவா என்று அதிகாரிகள் பார்க்க வேண்டும். குளிக்கும் அறைகளைக் கட்டுகிறபோதே கான்க்ரீட்டில் கட்டினால் செலவு கொஞ்சம்தான் கூடும். நீச்சல் குளமும் தொலைக்காட்சி வசதியும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருகின்றன. இதற்கு ஒரு வரி இடம் கிடைக்காதா?

சொந்தக் காலில் நிற்பதில் பெருமை கொள்ளும் இந்த மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடும் ஒன்று உண்டு. எஸ்கேப்பீஸ் என்ற டிரெய்லர்வாசிகள் சங்கத்தை 1978-ல் ஒரு தம்பதிகள் ஆரம்பித்தார்கள். டெக்ஸாஸில் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் அதற்குத் தலைமையகம். வீடு வாசல் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த ஊர்தான் விலாசம். தபால்கள் அங்கே வந்து, பிறகு அவரவர் இருக்கிற இடத்துக்குப் போகின்றன. அங்கேயே முதியவர்களுக்கென்று ஓர் ஆதரவு நிலையத்தையும் சங்கத்தார் ஏற்படுத்தினார்கள். கண் மங்கியவர், இடுப்பெலும்பு முறிந்தவர், துணையை இழந்தவர் ஆகியோர் தங்கள் டிரெய்லரை அங்கே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டு அதிலேயே குடியிருக்கலாம். சாப்பாடு கொடுப்பார்கள், டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். உடம்பு தேறியதும் கொக்கியை மாட்டிக்கொண்டு மறுபடி ரோட்டுக்குக் கிளம்பிவிட்டவர்களும் அவர்களில் உண்டு.